கார்ப்பை அணைத்தேன், எடைமேடை நின்றது: கிராஜுவிடஸ் ஏ.ஆர்.பி.யை என்னதான் செய்வது?

எடைமேடை
சனி இரவு 11:42

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் நடந்ததை எழுதுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை.

அமைப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ரவுட்டராக இரண்டு லினக்ஸ் பெட்டிகள், இரண்டிலும் கீப்அலைவ்டி என்ற காவல் மென்பொருள் ஓடுகிறது. 192.168.10.1 என்ற முகவரி இரண்டுக்கும் பொது. முதல் பெட்டி படுத்தால் இரண்டாவது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள், 16 கேமராக்கள், எடைமேடை இன்டிகேட்டரோடு இணைத்திருக்கும் சீரியல் டு ஈதர்நெட் கன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்வே, வெளியே போகும் வாசல். கேட் பக்கத்தில் தனியாக, ரவுட்டர் வேலையும் செய்யும் ஒரு லேயர் 3 சுவிட்ச் இருக்கிறது. அதுவும் அடுத்து அனுப்புவது அதே 192.168.10.1க்குத்தான் (இனி சுருக்கமாக .1).

போன மாதம் ஆடிட் வந்தது. அறிக்கையில் ஒரு வரி: கிராஜுவிடஸ் ஏ.ஆர்.பி. (சுருக்கமாக கார்ப்) எல்லாக் கருவிகளிலும் முடக்கப்பட வேண்டும், ஆபத்து அதிகம். சுவிட்சின் மெனுவில் தேடினேன், அதே பெயரில் ஒரு டிக் பெட்டி இருந்தது. எல்லா சுவிட்சிலும் டிக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். பச்சை மார்க் விழுந்தது.

இன்று 5:10க்குக் கரன்ட் போனது. முதல் ரவுட்டர் இருக்கும் ரேக்கின் யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போயிருந்ததால் அந்தப் பெட்டி அப்போதே விழுந்துவிட்டது. சுவிட்சுகள் வேறு யு.பி.எஸ்.ஸில் இருந்தன, தப்பின. நாலு நொடியில் இரண்டாவது ரவுட்டர் மாஸ்டர் ஆகிவிட்டது, லாக்கில் இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு நிமிடம் திணறிவிட்டுத் தாமாக வந்தன. எடைமேடை வரவில்லை. கேமராவில் 11 வரவில்லை. கேட் சுவிட்சுக்குப் பின்னால் இருந்த எதுவுமே வரவில்லை.

லாரி வரிசை யார்டு கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரி நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். கன்வெர்ட்டரை அணைத்துப் போடலாம் என்றால் அது எடைமேடைக் கேபின் கூரைக்கு மேல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. கடைசியில் கரன்ட் வந்து முதல் ரவுட்டர் எழுந்தது, எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. நான் எதையும் தொடவில்லை.

கீப்அலைவ்டி வேலை செய்தது என்றால் எது வேலை செய்யவில்லை?

பழைய_ஹப்
ஞாயிறு காலை 6:15

தம்பி, நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. முதல் ரவுட்டர் திரும்பியதும் எல்லாம் சரியானது என்றால், இத்தனை நேரமும் எடைமேடை அந்தச் செத்த ரவுட்டரிடமேதான் பேசிக்கொண்டிருந்தது.

ஈதர்நெட்டில் ஐ.பி. முகவரியைப் பார்த்து ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) போகாது, நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரியான மேக்கைப் பார்த்துத்தான் போகும். .1 என்பது எந்த மேக் என்று ஒவ்வொரு கருவியும் தன் ஏ.ஆர்.பி. அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். உங்கள் கீப்அலைவ்டி இயல்பான அமைப்பில் இருந்தால், இரண்டாவது பெட்டி .1 முகவரியை எடுக்கும்போது தன்னுடைய சொந்த மேக்கோடுதான் எடுக்கும். ஐ.பி. அதே, மேக் வேறு. அதை ஊருக்கு யார் சொல்வது? அதற்குத்தான் கார்ப். யாரும் கேட்காமலே "இனிமேல் .1 என்றால் இந்த மேக்" என்று பிராட்காஸ்டில், அதாவது எல்லோருக்கும் கேட்கும்படி, கத்துவது. கீப்அலைவ்டி மாஸ்டர் ஆனதும் 5 கார்ப் அனுப்பும், 5 நொடி கழித்து இன்னொரு 5. அந்தப் பத்தையும் உங்கள் டிக் பெட்டி குப்பையில் போட்டது.

கம்ப்யூட்டர்கள் ஏன் பிழைத்தன என்றால், விண்டோஸும் லினக்ஸும் ஒரு குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நம்புவதில்லை. 15 முதல் 45 நொடிக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் சந்தேகப்பட்டு, பழைய மேக்கிடம் நேராகக் கேட்கும். பதில் இல்லையென்றால் பிராட்காஸ்டில் கேட்கும். இரண்டாவது ரவுட்டர் "நான்தான்" என்று பதில் சொல்லியிருக்கும். இப்படிக் கேட்டு வரும் பதிலை அந்த ஃபில்டர் தடுக்காது, கேட்காமல் வருவதை மட்டும்தான் தடுக்கும்.

லேயர் 3 சுவிட்ச், ரவுட்டர் வகையறா அப்படி இல்லை. சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.ஸில் ஏ.ஆர்.பி. குறிப்பின் ஆயுள் இயல்பாக 4 மணி நேரம், ஜூனிப்பரில் 20 நிமிடம். உங்களுடையது எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. அந்தச் சின்ன கன்வெர்ட்டருக்குள் இருக்கும் டி.சி.பி. அடுக்கு எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது அதைச் செய்தவனுக்கே வெளிச்சம்.

நான் பாரிமுனையில் கோஆக்ஸியல் கேபிள் இழுத்த காலத்து ஆள். ஒன்று சொல்கிறேன், பாதி வந்து பாதி வராமல் நிற்கும் கோளாறு என்றால் முதலில் ஏ.ஆர்.பி. அட்டவணையைப் பாருங்கள்.

சவுகார்பேட்டை_சப்நெட்
ஞாயிறு காலை 8:02

அப்போ டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. எதுக்கு இவ்வளவு பெரிய இழை?

எடைமேடை
ஞாயிறு காலை 8:31

அண்ணே, ரொம்ப நன்றி. இப்போது தலைக்குள் ஏறுகிறது. ஆனால் டிக்கை எடுத்தால் ஆடிட்டர் சிவப்பு மார்க் போடுவார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே? யார் வேண்டுமானாலும் "நான்தான் .1" என்று கத்தலாம், எல்லோரும் நம்புவார்கள் என்றால் அது ஓட்டைதானே?

பாக்கெட்_பார்வதி
ஞாயிறு காலை 9:20

ஓட்டைதான். ஆனால் அந்த டிக் பெட்டி அந்த ஓட்டையை அடைக்கவே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை ஆடிட் அறிக்கைகள் எழுதப்படுகின்றன என்று நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஆர்.பி.யை வரையறுத்தது இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 826, டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதியது. அதில் ஒரு பாக்கெட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை இருக்கிறது. அனுப்பியவரின் ஐ.பி. என் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அனுப்பியவரின் மேக்கை அங்கே புதுப்பித்துவிடு. அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது கேள்வியா பதிலா என்றே பார்க்க வேண்டும். பேச்சு இருபக்கமும் நடக்கும், எனவே என்னிடம் கேட்பவரின் முகவரி எனக்கும் தேவைப்படும் என்ற நல்லெண்ணத்தில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். 1982இல் அது சரியான முடிவு. ஒரே கட்டடத்தில், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். என்னை ஏமாற்ற நினைக்கிறவன் கார்ப் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. அனுப்புநர் இடத்தில் .1 என்றும் தன் மேக்கையும் போட்டு, "192.168.10.57 யாருப்பா?" என்று 57க்கு மட்டும் ஒரு சாதாரணக் கேள்வி அனுப்பினால் போதும். 57 அதற்குப் பதிலும் சொல்லும், போகிற போக்கில் .1இன் மேக்கையும் மாற்றி எழுதிக்கொள்ளும். கார்ப் என்பதற்கு அடையாளம் அனுப்புநர் ஐ.பி.யும் இலக்கு ஐ.பி.யும் ஒன்றாக இருப்பது. இங்கே அவை வேறு வேறு. உங்கள் ஃபில்டர் கண்ணில் இது படவே படாது.

ஆக நேர்மையான ரவுட்டரின் வாயைக் கட்டிவிட்டு, திருடனை வாசலில் நின்று வணக்கம் சொல்லி உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

லினக்ஸில் ஆர்ப் அக்செப்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பூஜ்யம் என்று வைத்தால் கார்ப் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அட்டவணையில் இல்லாத ஐ.பி.க்குப் புதுக் குறிப்பு உண்டாக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் குறிப்பை அது பூஜ்யமாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளும். கேட்வே எல்லோர் அட்டவணையிலும் ஏற்கெனவே இருப்பதுதானே. முழுக்கத் தடுக்க டிராப் கிராஜுவிடஸ் ஆர்ப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை எப்போது போடலாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது: நம்பகமான ஏ.ஆர்.பி. பிராக்ஸி ஒன்று நெட்வொர்க்கில் இருந்து கார்ப் தேவைப்படாத இடத்தில், அல்லது தாக்குதலைத் தவிர்க்க வைஃபையில்.

தேரடி
ஞாயிறு காலை 10:05

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. திருவொற்றியூரில் நான் தங்கியிருந்த பி.ஜி.யில் ஒருத்தன் மேட்ச் நடக்கும் நாளில் லேப்டாப்பில் ஏதோ ஒன்றை ஓட்டி மற்ற ரூம்காரர்கள் நெட்டையெல்லாம் வெட்டிவிடுவான். அவனுக்கு மட்டும் ஃபுல் ஸ்பீடு. வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். என் லேப்டாப்புக்கு நொடிக்கொரு ஏ.ஆர்.பி. பதில் வந்துகொண்டே இருந்தது. பிராட்காஸ்ட் இல்லை, எனக்கு மட்டும். கார்ப் வடிவத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் கேட்வேயின் மேக்கை நிலையான குறிப்பாக நானே எழுதி வைத்துவிட்டேன். அவன் அனுப்பிக்கொண்டே இருந்தான், என் நெட் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் ரவுட்டரையும் சேர்த்து ஏமாற்றியிருந்தால் எனக்கு வர வேண்டியது போயிருக்கும். நல்லவேளை அந்த அளவுக்கு அவனுக்கு விவரம் இல்லை.

மட்டுறுத்துநர்
ஞாயிறு காலை 10:12

அந்த மென்பொருளின் பெயரை யாரும் எழுத வேண்டாம். இன்னொருவர் நெட்டை இப்படி வெட்டுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன் கீழ் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். விளையாட்டு இல்லை.

கொருக்குப்பேட்டை_கேபிள்
ஞாயிறு பகல் 12:40

தலைவா, இந்தத் தலைவலி எல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் நான். முன்னாடி மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கேட் 5 கேபிள் இழுத்து, எட்டு போர்ட் சாதா சுவிட்சை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கட்டி நெட் கொடுத்த காலம் உண்டு. இருநூறு வீடும் ஒரே பிராட்காஸ்ட் டொமைன். ஒரு வீட்டில் புது வைஃபை ரவுட்டர் வாங்கி எங்கள் லைனை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டுக்குப் பதில் வீட்டுக் கருவிகளுக்கான லான் போர்ட்டில் செருகுவார்கள். அது எழுந்ததும் "192.168.1.1 நான்தான்" என்று தெருவுக்கே அறிவிக்கும். எங்கள் கேட்வேயும் அதே முகவரி. பாதி ஜீவா நகர் அந்த வீட்டு ஹாலில் இருக்கிற டப்பாவிடம் போய் நெட் கேட்கும். வீடு வீடாக ஏறித் தேட வேண்டும். அதில் யாரும் ஹேக்கர் இல்லை, பாவம், செருகத் தெரியவில்லை அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் ஃபைபர். பான் என்ற ஃபைபர் அமைப்பில் ஒரு வீட்டுப் பெட்டி (ஓ.என்.டி.) அனுப்புவது நேராக எங்கள் பக்கத்துப் பெட்டிக்குத்தான் (ஓ.எல்.டி.) போகும், பக்கத்து வீட்டுக்குப் போகாது, ஓ.எல்.டி. திருப்பி விட்டால் ஒழிய. அதோடு வீட்டுக்கு வீடு தனி இணைப்பாக பி.பி.பி.ஓ.இ. லாகின். அந்த இணைப்புக்குள் ஏ.ஆர்.பி. என்ற பேச்சே இல்லை. வீட்டுக்குள் அவரவர் வைஃபையில் என்ன நடந்தாலும் அவரவர் பாடு.

சவுகார்பேட்டை_சப்நெட்
ஞாயிறு பகல் 1:15

மின்ட் தெருவைச் சுற்றி முப்பது கடைக்குப் பார்க்கிறேன், எல்லா இடத்திலும் மைக்ரோடிக் ரவுட்டர்தான். இன்டர்ஃபேஸில் ஏ.ஆர்.பி.யை ரிப்ளை ஒன்லி என்று வைத்து, ஐ.பி. வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரில் ஆட் ஆர்ப் என்று டிக் போட்டுவிடுவேன். டி.எச்.சி.பி. வாங்காமல் தானே ஐ.பி. போட்டுக்கொண்டு வருகிறவனை ரவுட்டர் கண்டுகொள்ளாது. எவன் என்ன கத்தினாலும் ரவுட்டர் அட்டவணை மாறாது. ஒரு சுவிட்ச் செலவும் இல்லை. யார்டுக்காரரும் இதையே செய்யலாமே.

ஒரு சந்தேகமும் கேட்டுவிடுகிறேன். இப்போது எல்லாமே மறையாக்கப்பட்ட எச்.டி.டி.பி.எஸ். நடுவில் ஒருத்தன் நின்றால்தான் என்ன? பூட்டிய பெட்டியைத்தான் பார்ப்பான். இவ்வளவு பயம் எதுக்கு?

பாக்கெட்_பார்வதி
ஞாயிறு பகல் 2:50

முதல் விஷயம். ரிப்ளை ஒன்லி நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் ஏமாறாமல் இருப்பது ரவுட்டர் மட்டும்தான். கடையில் பில் போடும் கம்ப்யூட்டரிடம் போய் "நான்தான் ரவுட்டர்" என்று ஒருவன் சொன்னால் அது நம்பும். அது அனுப்புவதெல்லாம் அவன் கைக்குப் போகும், ரவுட்டரிடம் இருந்து வருவது மட்டும் ஒழுங்காக வரும். பாதிக் கதவுக்குப் பூட்டு.

இரண்டாவது, எச்.டி.டி.பி.எஸ். பிரவுசருக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்த யார்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எடைமேடை கன்வெர்ட்டர் எடையை வெறும் எழுத்தாக டி.சி.பி.யில் அனுப்புகிறது, பாஸ்வேர்டும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. நடுவில் நிற்பவன் 28,460 கிலோவை 26,460 ஆக்கினால் யாருக்குத் தெரியும்? இங்கே எடை என்றால் அது பணம். கேமராக்கள் வீடியோவை ஆர்.டி.எஸ்.பி.யில் அனுப்பும், பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பிரிண்டர் 9100 போர்ட்டில் எது வந்தாலும் அச்சடிக்கும். இதையெல்லாம் விடுங்கள், ஒன்றையும் படிக்க வேண்டாம், வந்ததைக் கீழே போட்டாலே போதும். சனிக்கிழமை அது தானாக நடந்தபோது என்ன ஆனது என்று இழையின் தொடக்கத்தில் இருக்கிறது.

எடைமேடை
ஞாயிறு பகல் 3:30

அந்த 2,000 கிலோ வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. சரி அக்கா, நான் என்ன செய்ய வேண்டும்? கார்ப்பை விட்டால் ஏமாற்றுக்காரன், தடுத்தால் ஒரு ரவுட்டர் விழும்போது மற்றது எடுத்துக்கொள்ளும் ஃபெயில் ஓவர் போச்சு.

தேரடி சொன்னது போலக் கேட்வே மேக்கை நிலையாக எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன்.

பழைய_ஹப்
ஞாயிறு பகல் 4:10

ஐயோ, இப்போதைய அமைப்பில் அதைச் செய்யாதீர்கள் தம்பி. முதல் ரவுட்டரின் மேக்கை நிலையாக எழுதினால், அது செத்த அன்று நாலு மணி நேரம் இல்லை, நீங்கள் கையால் அழிக்கும் வரை அந்தக் கம்ப்யூட்டர் பிணத்தோடு பேசிக்கொண்டிருக்கும்.

மேக்கே மாறாமல் செய்ய வேண்டும், அங்கேதான் வழி இருக்கிறது. கீப்அலைவ்டி பேசும் நெறிமுறையான வி.ஆர்.ஆர்.பி. 1998இல் முதலில் ஆர்.எஃப்.சி.யாக வந்தபோதே இதற்கென்று ஒரு மெய்நிகர் மேக்கை ஒதுக்கிவிட்டார்கள். 00-00-5ஈ-00-01 என்று தொடங்கும், கடைசி இரண்டு இலக்கம் உங்கள் குழு எண். எந்தப் பெட்டி மாஸ்டரோ அது அந்த மேக்கைப் போட்டுக்கொள்ளும். வெளியில் இருப்பவர்களுக்கு .1இன் மேக் என்றைக்கும் ஒன்றுதான். கீப்அலைவ்டி இயல்பாக இதைச் செய்வதில்லை. யூஸ் வி-மேக் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்போது ஃபெயில் ஓவரில் என்ன மாறுகிறது? ஐ.பி. அதே, மேக்கும் அதே. அந்த மேக் எந்த சுவிட்ச் போர்ட்டில் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறுகிறது. அதை சுவிட்ச் தெரிந்துகொள்ள ஏ.ஆர்.பி.யே வேண்டாம், அந்த மேக்கை அனுப்புநராகக் கொண்டு ஏதாவது ஒரு ஃபிரேம் வந்தால் போதும். மாஸ்டர் நொடிக்கு ஒருமுறை அனுப்பும் வி.ஆர்.ஆர்.பி. அறிவிப்பே அந்த மேக்கில் இருந்துதான் கிளம்புகிறது. கார்ப்பும் போகும், போகட்டும். ஆனால் அதை யாரும் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். லினக்ஸ் ஒரு வீட்டில் எந்த வாசலில் தட்டினாலும் திறக்கும் ஆள். .1 யார் என்று கேட்டால் அசல் இன்டர்ஃபேஸும் தன் சொந்த மேக்கோடு பதில் சொல்லிவிடலாம். அசல் இன்டர்ஃபேஸில் ஆர்ப் இக்னோர் என்ற அமைப்பை 1 என்று வையுங்கள். இல்லையென்றால் பாதிப் பேருக்கு வி-மேக், பாதிப் பேருக்கு அசல் மேக் என்று இன்னொரு கூத்து.

பாக்கெட்_பார்வதி
ஞாயிறு மாலை 5:05

அண்ணன் சொன்னதோடு என் தரப்பைச் சேர்க்கிறேன். கேட்வே மேக் மாறவே மாறாது என்று ஆன பிறகுதான் உங்களால் சந்தேகப்படவே முடியும். ஆர்ப்வாட்ச் என்று ஒரு பழைய கருவி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்து வந்தது. ஒரு ஐ.பி.யின் மேக் மாறினால் மெயில் அனுப்பும், முன்னும் பின்னும் மாறினால் ஃபிளிப் ஃப்ளாப் என்று எழுதும். இதுவரை நீங்கள் அதை ஓட்டியிருந்தால், ஒவ்வொரு கரன்ட் கட்டுக்கும் அதே மெயில்தான் வந்திருக்கும். ஃபெயில் ஓவருக்கும் தாக்குதலுக்கும் வெளித்தோற்றம் ஒன்று. பத்து முறை பொய் மெயில் வந்தால் பதினோராவதை யாரும் திறப்பதில்லை. வி-மேக் வந்துவிட்டால் .1இன் மேக் மாறியது என்ற ஒரு மெயில் வந்தாலே போதும், சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடலாம்.

(செல்போன்கள் இருக்கும் வைஃபையில் ஆர்ப்வாட்ச் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் இயல்பாகவே போலி மேக் போட்டுக்கொண்டு வருகின்றன. இன்பாக்ஸ் நிரம்பிவிடும்.)

தடுப்பதை சுவிட்சில் செய்யுங்கள். டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங், அதன் மேல் டைனமிக் ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்‌ஷன். எந்த போர்ட்டில் எந்த மேக் எந்த ஐ.பி. வாங்கியது என்று ஸ்னூப்பிங் ஒரு பதிவேடு வைத்திருக்கும். அந்த போர்ட்டில் இருந்து வரும் ஒவ்வொரு ஏ.ஆர்.பி.யையும், அது கேள்வியோ பதிலோ கார்ப்போ, இன்ஸ்பெக்‌ஷன் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் உள்ளேயே விடாது. ரவுட்டர்கள் இருக்கும் போர்ட்டுகளை மட்டும் நம்பகம் என்று குறியுங்கள்.

இதில் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. எடைமேடை கன்வெர்ட்டர், கேமராக்கள் எல்லாம் நிலையான ஐ.பி. என்றால் பதிவேட்டில் அவை இருக்காது, இன்ஸ்பெக்‌ஷன் போட்ட அந்த நொடியே அவை எல்லாம் போகும். அவற்றுக்குக் கையால் ஏ.ஆர்.பி. பட்டியல் எழுத வேண்டும். ஏற்கெனவே டி.எச்.சி.பி. வாங்கி உட்கார்ந்திருப்பவர்களும் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அதனால் முதலில் ஸ்னூப்பிங் மட்டும் போட்டு, எல்லோரும் ஒருமுறை ஐ.பி. லீஸை (தவணையை) புதுப்பிக்கும் வரை விட்டு, அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். பதிவேட்டைக் கட்டாயம் ஃபிளாஷிலோ சர்வரிலோ சேமிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கரன்ட் போகிற அழகுக்கு, சுவிட்ச் ரீபூட் ஆகிப் பதிவேடு காலியானால் மறுபடியும் லாரி வரிசைதான். சிஸ்கோவில் நம்பகமற்ற போர்ட்டுக்கு நொடிக்கு 15 ஏ.ஆர்.பி. என்று இயல்பான வரம்பு, தாண்டினால் போர்ட்டே மூடிக்கொள்ளும். ஒரு போர்ட்டுக்குப் பின்னால் சின்ன சுவிட்ச் போட்டு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

கொருக்குப்பேட்டை_கேபிள்
ஞாயிறு மாலை 5:30

ஐ.பி.வி.6 ஓடுகிற இடத்தில் ஏ.ஆர்.பி.யே இல்லை, பிரச்சினையும் இல்லை, சரிதானே?

பாக்கெட்_பார்வதி
ஞாயிறு மாலை 5:41

பெயர்தான் வேறு. கேட்காமல் வரும் நெய்பர் அட்வர்டைஸ்மென்ட் அங்கே கார்ப்பின் வேலையைச் செய்கிறது, அதையும் போலியாக அனுப்பலாம். யார் ரவுட்டர் என்ற அறிவிப்பையும் போலியாக அனுப்பலாம், அதைத் தடுக்க ஆர்.ஏ. கார்ட் என்ற சுவிட்ச் வசதி இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

எடைமேடை
ஞாயிறு மாலை 6:20

ஆடிட்டருக்கு என்ன எழுதுவது?

பழைய_ஹப்
ஞாயிறு இரவு 8:45

அந்த வரி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ரவுட்டர் கையேட்டில் கிட்டத்தட்ட இதே வரி இருக்கிறது. ஆனால் அங்கே "வெளி இன்டர்ஃபேஸ்களில்" என்ற சொல்லும் சேர்ந்து இருக்கிறது. அது ரவுட்டர் வெளியே கார்ப் அனுப்புவதைப் பற்றிய பேச்சு. உள்ளே சுவிட்சில் வந்து விழுவதை ஃபில்டர் செய்யச் சொன்ன பேச்சு இல்லை. வரி பல கை மாறி வரும்போது அந்த ஒரு சொல் உதிர்ந்திருக்கும். கறிக்கடைப் பட்டியலில் "எலும்பில்லாத" என்ற சொல் உதிர்ந்தது மாதிரி.

கார்ப் வேண்டாத பிள்ளையும் இல்லை. 2008இல் ஸ்டூவர்ட் செஷயர் எழுதிய ஆர்.எஃப்.சி. 5227ஐ ஆடிட்டரிடம் காட்டுங்கள். ஒரு கருவி ஐ.பி. எடுப்பதற்கு முன் மூன்று முறை "யாராவது இதில் இருக்கிறீர்களா" என்று விசாரிக்க வேண்டும், அப்போது அனுப்புநர் ஐ.பி.யை 0.0.0.0 என்று காலியாக விட வேண்டும், அடுத்தவர் அட்டவணை கெடாமல் இருக்க. யாரும் இல்லையென்றால் இரண்டு முறை அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புதான் நாம் கார்ப் என்று திட்டிக்கொண்டிருப்பது. புதுக் கேமரா ஒன்று பழைய கேமராவின் ஐ.பி.யோடு வந்து நிற்பதைப் பல நேரம் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

ஃபில்டரை எடுத்தேன், அதற்கு மாற்றாக இன்ஸ்பெக்‌ஷன் போட்டேன், அது கார்ப்பையும் சேர்த்துச் சோதிக்கிறது என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கீப்அலைவ்டியை நிறுத்து என்று கமாண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். அது போகும்போது முன்னுரிமை பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போகும், அடுத்தவர் ஒரு நொடிக்குள் எழுந்துவிடுவார், நாமும் ஆஹா என்று கைதட்டுவோம். கரன்ட் போகும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வயரைப் பிடுங்குங்கள்.

எடைமேடை
புதன் இரவு 10:55

தாமதத்துக்கு மன்னிக்கவும், மூன்று நாள் இதிலேயே போனது.

திங்கள் இரவு ஃபில்டரை எல்லா சுவிட்சிலும் எடுத்தேன், இரண்டு பெட்டியிலும் யூஸ் வி-மேக் சேர்த்தேன். ஆர்ப் இக்னோரை மறந்துவிட்டேன். ஹப் அண்ணன் சொன்ன கூத்து அப்படியே நடந்தது. நாலு கம்ப்யூட்டரில் .1க்கு அசல் மேக், மற்றதில் வி-மேக். 1 என்று வைத்துவிட்டு அட்டவணைகளைத் துடைத்ததும் ஒழுங்காயிற்று.

செவ்வாய் மதியம், லாரி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, முதல் ரவுட்டரின் பவர் வயரைப் பிடுங்கினேன். கை நடுங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் சர்வரில் இருந்து கன்வெர்ட்டருக்குப் பிங் ஓட விட்டிருந்தேன். நாலு பிங் போனது, ஐந்தாவது வந்தது. கணக்கும் சரியாக இருக்கிறது: அறிவிப்பு ஒரு நொடிக்கு ஒன்று, மூன்று தவறினால்தான் செத்ததாக எடுத்துக்கொள்ளும், அதோடு என் இரண்டாவது பெட்டியின் முன்னுரிமை 100 என்பதால் 256இல் 156 பங்கு நொடி கூடுதல். மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். எடைமேடை ஆபரேட்டருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு வண்டிக்கு எடை அடித்துக்கொண்டிருந்தார், அடித்து முடித்தார்.

கேமரா 16ம் வந்தன. கேட் சுவிட்சும் வந்தது.

ஸ்னூப்பிங் போட்டாயிற்று, பதிவேடு நிரம்பிக்கொண்டிருக்கிறது. நிலையான ஐ.பி. பட்டியல் எடுத்தபோது எங்கள் ஆவணத்தில் இல்லாத இரண்டு கருவிகள் கிடைத்தன. ஒன்று பழைய வருகைப்பதிவு மெஷின். இன்னொன்று செக்யூரிட்டி ரூமில் யாரோ கொண்டுவந்து செருகிய வைஃபை ரவுட்டர், மேட்ச் பார்க்க. நல்லவேளை வான் போர்ட்டில்தான் செருகியிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வாரம். கேட் பக்கத்து சுவிட்சில் அந்த வசதியே இல்லை. அங்கே இப்போதைக்கு போர்ட் ஐசலேஷன் போட்டு, கன்வெர்ட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச முடியாமல் வைத்திருக்கிறேன். அவை பேச வேண்டியதும் இல்லை.

ஆடிட்டர் பதில் இன்னும் வரவில்லை.

தேரடி
புதன் இரவு 11:08

செம அண்ணா. பி.ஜி.யில் என்னைத் தவிர யாரும் வயரைப் பிடுங்கிப் பார்க்க விட மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை_கேபிள்
புதன் இரவு 11:20

எல்லாம் சரி தலைவா, அந்த யு.பி.எஸ். பேட்டரியை மாத்தியாச்சா?

எடைமேடை
புதன் இரவு 11:26

கொட்டேஷன் போயிருக்கிறது.